அப்பா அம்மா வீட்டுக் கம்ப்யூட்டருக்கு எந்த நெட் போடலாம்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

என் பெற்றோர் கும்பகோணத்தில் இருக்கிறார்கள். அப்பாவுக்கு 77 வயது, தபால் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அம்மாவுக்கு 71. நான் பெங்களூரில் இருக்கிறேன். அந்த வீட்டுக்கு இதுவரை மூன்று தடவை இன்டர்நெட் இணைப்பு மாற்றிவிட்டேன். இப்போது இருப்பது நிலைத்துவிட்டது. என்னைப் போலவே பெற்றோரை ஊரில் விட்டு வெளியூரில் இருக்கும் நண்பர்களும் உறவினர்களும் போனில் கேட்கும் கேள்விகளை இங்கே சேர்த்து, எனக்குத் தெரிந்த பதிலை எழுதியிருக்கிறேன். தமிழ்நாட்டின் சின்ன ஊர்களையும் நடுத்தர ஊர்களையும் மனதில் வைத்து எழுதியது.

முதலில் எதைப் பார்க்க வேண்டும், வேகமா விலையா?

லைன் போனால் யார் வந்து சரிசெய்வார், அவர் எவ்வளவு தூரத்தில் இருக்கிறார் என்று பாருங்கள். வேகமும் விலையும் அதற்குப் பிறகுதான். நமக்கு ஒரு நாள் நெட் இல்லையென்றால் மொபைலில் ஹாட்ஸ்பாட் போட்டுக்கொள்வோம். ஆப்பில் புகார் பதிவோம். கஸ்டமர் கேரில் எந்த எண்ணை அழுத்தச் சொல்கிறார்களோ அதையெல்லாம் அழுத்திக்கொண்டு காத்திருப்போம். எழுபது தாண்டியவர்களுக்கு இதில் ஒவ்வொன்றும் மலை ஏறுவது மாதிரி.

நான் முதலில் செய்த தப்பு இங்கேதான். ஒரு கம்பெனி விளம்பரத்தில் 100 எம்பிபிஎஸ் வேகம், ஒரு வருடப் பணத்தை மொத்தமாகக் கட்டினால் இரண்டு மாதம் இலவசம் என்று போட்டிருந்தார்கள். உடனே கட்டிவிட்டேன். ஐந்தாவது மாதம் மழையில் லைன் அறுந்தது. நான் இங்கிருந்து புகார் பதிவேன். மறுநாள் "உங்கள் புகார் தீர்க்கப்பட்டது" என்று எனக்கு எஸ்எம்எஸ் வரும். வீட்டுக்குப் போன் செய்தால் யாருமே வரவில்லை என்பார்கள். இப்படி மூன்று தடவை, மொத்தம் பதினோரு நாள். அந்தப் பதினோரு நாளும் அப்பா காலையில் கம்ப்யூட்டரைப் போட்டு, வருகிறதா என்று பார்த்துவிட்டு, பேசாமல் அணைத்துவிடுவாராம். எனக்கு வேலை நேரத்தில் தொந்தரவு கொடுக்கக் கூடாது என்று என்னிடம் சொல்லவே இல்லை. அம்மா சொல்லித்தான் தெரிந்தது.

அதனால் இப்போது யார் கேட்டாலும் நான் சொல்வது, பெற்றோர் இருக்கும் தெருவில் நான்கு வீட்டில் விசாரியுங்கள். என்ன கனெக்‌ஷன், கடைசியாக எப்போது போச்சு, யார் வந்தார், எவ்வளவு நேரத்தில் வந்தார் என்று கேளுங்கள். இரண்டு மூன்று வீட்டில் ஒரே லைன்மேன் பெயரை நல்லபடியாகச் சொன்னால் கண்ணை மூடிக்கொண்டு அந்த இணைப்பையே போடலாம். வெளியூரில் இருந்துகொண்டு இணையதளத்தில் ஸ்டார் ரேட்டிங் பார்ப்பதால் ஒரு பிரயோஜனமும் இல்லை. அந்த ஸ்டாரெல்லாம் வேறு ஊரில் வேறு ஆள் செய்த வேலைக்குக் கிடைத்தது.

சரி, பொதுவாக ஒரு ஊரில் என்னென்ன கிடைக்கும்?

பிஎஸ்என்எல், ஜியோ, ஏர்டெல், அப்புறம் உள்ளூர் கேபிள்காரர் தரும் நெட். சென்னை, கோவை மாதிரி நகரங்கள் என்றால் ஆக்ட் போன்ற கம்பெனிகளும் உண்டு.

பிஎஸ்என்எல் மீது பெரியவர்களுக்கு ஒரு நம்பிக்கை இருக்கிறது. அதற்குக் காரணமும் இருக்கிறது. 2000ஆம் ஆண்டு அக்டோபரில் தனி நிறுவனமாக ஆவதற்கு முன்பு அது அரசின் தொலைத்தொடர்புத் துறையாகவே இருந்தது. என் அப்பாவுக்கு டெலிபோன் எக்ஸ்சேஞ்ச் எங்கே என்று தெரியும், போய்க் கேட்கலாம் என்ற தைரியம் உண்டு. ஆனால் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். பல ஊர்களில் எக்ஸ்சேஞ்சிலிருந்து வீடு வரை ஃபைபரை (ஒளி வழியாக நெட் கொண்டுவரும் கண்ணாடி இழை ஒயரை) இழுத்துப் பராமரிப்பது பிஎஸ்என்எல்லோடு ஒப்பந்தம் போட்ட உள்ளூர்க்காரர். பெரும்பாலும் கேபிள் தொழிலில் இருந்தவராக இருப்பார். அதனால் ஒரே ஊரில் கிழக்குத் தெருவில் பிஎஸ்என்எல் அருமை என்பார்கள், மேலத் தெருவில் அதே பிஎஸ்என்எல்லைத் திட்டுவார்கள். இரண்டு பேர் சொல்வதும் உண்மையாகவே இருக்கும்.

ஜியோஃபைபர் 2019 செப்டம்பரில் வந்தது. ஜியோ, ஏர்டெல் இரண்டிலும் பில், புகார், பிளான் மாற்றுவது பெரும்பாலும் ஆப் வழியாகத்தான் நடக்கிறது. பிள்ளைகள் அந்த ஆப்பைத் தங்கள் போனில் வைத்துப் பார்த்துக்கொள்வதாக இருந்தால் சரி. பெற்றோரே பார்த்துக்கொள்ள வேண்டும் என்றால் கொஞ்சம் யோசியுங்கள்.

கேபிள்காரர் தருவதைப் பலர் மட்டமாக நினைக்கிறார்கள். எனக்கு அந்த எண்ணம் இல்லை. மாதா மாதம் வீட்டுக்கு வந்து பணம் வாங்கும் ஆளிடம் வாசலில் நிறுத்தியே "தம்பி, நெட் வரலை, என்னன்னு பாரு" என்று சொல்ல முடிகிறது. அப்பாவுக்கு அது எந்தக் கால் சென்டரையும்விடச் சுலபம். ஆனால் அவர் எந்தக் கம்பெனியின் இணைப்பைத் தருகிறார் என்று கேளுங்கள், ஜிஎஸ்டியோடு பில் வாங்குங்கள். பில் இல்லாத இணைப்பு வேண்டாம். நாளைக்கு ஒரு தகராறு என்றால் கையில் காட்ட ஒன்றும் இருக்காது.

கிராமமாக இருந்தால் ஊராட்சி அலுவலகத்திலும் கேட்டுப் பாருங்கள். தமிழ்நாட்டின் ஊராட்சிகளுக்கு ஃபைபர் கொண்டுபோகும் திட்டம் மத்திய அரசின் பாரத்நெட்டின் கீழ் நடக்கிறது.

எவ்வளவு வேகம் போதும்?

30 முதல் 50 எம்பிபிஎஸ். அதற்கு மேல் கொடுக்கும் காசு வீண்.

ஜூமில் இரண்டு பேர் நல்ல தெளிவோடு வீடியோவில் பேச ஒன்று, ஒன்றரை எம்பிபிஎஸ் இருந்தாலே நடக்கும். நெட்ஃபிளிக்ஸ் தன் ஹெச்டி படத்துக்குக் கேட்பது 5 எம்பிபிஎஸ், 4கே படத்துக்கு 15. அப்பா கம்ப்யூட்டரில் யூடியூபில் கச்சேரி கேட்டுக்கொண்டிருக்க, அம்மா டிவியில் சீரியல் பார்க்க, பேரப்பிள்ளை லீவுக்கு வந்து போனில் விளையாடினாலும் 30க்குள் அடங்கிவிடும். பேசும்போது முகம் உறைந்து போவதற்கு வேகம் குறைவாக இருப்பதைவிட வைஃபை சிக்னல் வலுவில்லாததுதான் பெரும்பாலும் காரணம். அதைக் கீழே சொல்கிறேன்.

மாதம் எவ்வளவு ஆகும்?

விளம்பரத்தில் இருக்கும் விலையோடு 18 சதவீதம் ஜிஎஸ்டி சேர்த்துக்கொள்ளுங்கள். 399 ரூபாய் பிளான் என்றால் பில் 471 ரூபாய் பக்கம் வரும். 499 என்றால் 589. ஆரம்பநிலை ஃபைபர் பிளான்கள் பெரும்பாலும் இந்த அளவில்தான் இருக்கின்றன, நம் தேவைக்கு அதுவே தாராளம். இதற்கு மேல் மாட்டும் கூலி, மோடத்துக்கு டெபாசிட் அல்லது வாடகை என்று கேட்கலாம். டெபாசிட் திரும்பி வருமா, எப்போது வரும் என்பதை எழுத்தில் வாங்குங்கள்.

ஆறு மாதம், ஒரு வருடம் என்று மொத்தமாகக் கட்டினால் மாட்டும் கூலி இல்லை என்பார்கள். முதல் மூன்று மாதம் மாதா மாதமே கட்டுங்கள். மழைக்காலம் ஒன்றைத் தாண்டிவிட்டதென்றால் அப்புறம் வருடத்துக்குக் கட்டலாம். முதல் தடவை மொத்தமாகக் கட்டிவிட்டதால்தான் அந்தப் பதினோரு நாளுக்குப் பிறகும் உடனே மாற என்னால் முடியவில்லை.

அன்லிமிடெட் என்கிறார்கள், உண்மையா?

பல ஃபைபர் பிளான்களில் மாதம் 3,300 ஜிபி வரை முழு வேகம், அதன் பிறகு குறைந்துவிடும். கேட்கப் பயமாக இருந்தாலும் கணக்குப் போட்டுப் பாருங்கள். ஹெச்டி வீடியோ மணிக்கு 3 ஜிபி வரை இழுக்கும். தினமும் 4 மணி நேரம் பார்த்தாலும் மாதம் 360 ஜிபிதான். இதைப் பற்றிக் கவலையே வேண்டாம்.

மொபைல் ஹாட்ஸ்பாட் வைத்தே சமாளிக்கலாமே?

மேலே போட்ட கணக்கையே இங்கேயும் போடுங்கள். தினம் 2 ஜிபி பிளான் என்றால் ஒரு மணி நேர ஹெச்டி வீடியோவுக்குக்கூடப் போதாது. அதோடு கம்ப்யூட்டரைப் போட்டதும் விண்டோஸ் அப்டேட் தானாக இறங்க ஆரம்பித்து அன்றைய டேட்டாவைக் காலையிலேயே குடித்துவிடும். இதைவிடப் பெரிய சிக்கல், அம்மா போனை எடுத்துக்கொண்டு கோயிலுக்குப் போனால் வீட்டில் நெட் போய்விடும். அப்பா மோடம் பழுது என்று நினைத்துக்கொள்வார். ஆபத்துக்கு வைத்துக்கொள்ளலாம். தினசரிக்கு வேண்டாம்.

ஒயரே இல்லாத ஏர்ஃபைபர் எப்படி?

மாடியில் ஒரு பெட்டி வைத்து 5ஜி சிக்னலை வாங்கி வீட்டுக்குள் வைஃபையாகத் தருவது. ஜியோ இதை 2023 செப்டம்பரில் கொண்டுவந்தது, ஏர்டெல்லும் தருகிறது. ஃபைபர் வராத தெருவுக்கு நல்ல வழி. ஃபைபர் வரும் தெருவில் இருந்துகொண்டு இதை எடுக்க வேண்டிய அவசியம் எனக்குத் தெரியவில்லை. டவரில் கூட்டம் கூடும் மாலை நேரத்தில் வேகம் இறங்கலாம். மாடியில் இருக்கும் பெட்டியைத் தொட்டுப் பார்க்க வயதானவர்கள் ஏறவும் முடியாது.

ஒயர் அடிக்கடி அறுந்துவிடுகிறது என்கிறார்களே?

அறுந்துபோகும். நம் ஊர்களில் ஃபைபர் கம்பத்துக்குக் கம்பம் மேலேதான் தொங்கிக்கொண்டு வருகிறது. வைக்கோல் ஏற்றிய லாரி இழுத்துவிடும், அணில் கடிக்கும், பாதாளச் சாக்கடைக்குத் தோண்டும்போது போகும். கும்பகோணம் மாதிரிக் கோயில் ஊராக இருந்தால், தேரோடும் வீதியில் தேர் வரும் நாளில் குறுக்கே போகும் ஒயர்களைக் கழற்றியே ஆக வேண்டும். எங்கள் வீட்டில் தேருக்கு மறுநாள் சாயங்காலம்வரை நெட் இருக்காது என்பது இப்போது அப்பாவுக்கே தெரியும். அன்றைக்கு அதைப் பற்றிக் கேட்க மாட்டார்.

ஃபைபரில் ஒரு பெரிய நிம்மதி உண்டு. பழைய செம்புக் கம்பி லைனில் இடி விழுந்தால் டெலிபோன் ஒயர் வழியாக வந்து மோடத்தையும் சில சமயம் கம்ப்யூட்டரையும் சேர்த்து எரித்துவிடும். கண்ணாடி இழை மின்சாரத்தைக் கடத்தாது. ஆனாலும் கரண்ட் வழியாக வரக்கூடியது வரும், அதனால் ஐப்பசி, கார்த்திகை மழையில் இடி இடிக்கும்போது பிளக்கைப் பிடுங்கிவைக்கச் சொல்லுங்கள்.

முப்பது வருட லேண்ட்லைன் நம்பர் போய்விடுமா?

இந்தக் கேள்வியை யாரும் முதலில் கேட்பதில்லை. லைன் போட்ட பிறகு கேட்டு வருத்தப்படுகிறார்கள். மொபைல் நம்பரைக் கம்பெனி விட்டுக் கம்பெனி கொண்டுபோவதுபோல லேண்ட்லைன் நம்பரைக் கொண்டுபோக இந்தியாவில் வழியில்லை. பிஎஸ்என்எல் லேண்ட்லைனை ஒப்படைத்துவிட்டு வேறு கம்பெனிக்குப் போனால் அந்த நம்பர் போனதுதான். கல்யாணப் பத்திரிகையில் அச்சடித்த நம்பர், அத்தைகளும் சித்தப்பாக்களும் மனப்பாடமாக வைத்திருக்கும் நம்பர். பல பெரியவர்களுக்கு மொபைலைவிட அந்த ரிசீவர்தான் கைக்கு வாகு, காதுக்கும் தெளிவாகக் கேட்கும்.

பிஎஸ்என்எல்லிலேயே செம்புக் கம்பியிலிருந்து ஃபைபருக்கு மாறினால் பழைய நம்பரையே வைத்துக்கொள்ள வழி இருக்கிறது. விண்ணப்பம் கொடுக்கும்போதே "இதே நம்பர் வேண்டும்" என்று எழுதிக் கொடுங்கள். புது நம்பர் வாங்கி, பழையதை ஒப்படைத்த பிறகு கேட்டால் கஷ்டம். எங்கள் வீட்டில் மூன்றாவது தடவை பிஎஸ்என்எல் ஃபைபருக்கு வந்ததற்கு இந்த நம்பரும் ஒரு காரணம். 0435 என்று தொடங்கும் அந்த எண் இன்றைக்கும் ஒலிக்கிறது.

ஒன்றை மட்டும் மறக்காதீர்கள். ஃபைபரில் வரும் லேண்ட்லைன் மோடத்தில் கரண்ட் இருந்தால்தான் பேசும். பழைய லேண்ட்லைன் மாதிரி கரண்ட் இல்லாதபோதும் வேலை செய்யும் என்று அவர்கள் நம்பிக்கொண்டிருப்பார்கள்.

கரண்ட் போனால் என்ன செய்வது?

வீட்டில் இன்வெர்ட்டர் இருந்தால் எலெக்ட்ரீஷியனை வைத்து மோடம் இருக்கும் பாயிண்டை இன்வெர்ட்டர் லைனுக்கு மாற்றிவிடுங்கள். இல்லையென்றால் மோடத்துக்கென்றே விற்கும் சின்ன யுபிஎஸ் வாங்குங்கள். பெரும்பாலான மோடத்துக்கு 12 வோல்ட் அடாப்டர்தான். அதன் மேல் எழுதியிருப்பதைப் பார்த்து அதே அளவில் வாங்கினால் சில மணி நேரம் தாங்கும். மின்வாரியம் மாதாந்திரப் பராமரிப்பு என்று காலையில் நிறுத்தினால் மாலைவரை ஆகும். அவ்வளவு நேரத்துக்கு இது வராது.

போடுவதற்கு முன்பு இன்னொன்றும் கேளுங்கள். எக்ஸ்சேஞ்சிலிருந்து வீடு வரை நடுவில் கரண்டில் ஓடும் பெட்டி ஏதாவது இருக்கிறதா? முறையான ஃபைபரில் தெருவில் ஒளியைப் பிரித்துக் கொடுக்கும் பெட்டிக்குக் கரண்டே வேண்டாம். சில உள்ளூர் இணைப்புகளில் தெருமுனையில் சுவிட்ச் பெட்டி வைத்திருப்பார்கள். அந்தப் பெட்டிக்குக் கரண்ட் போனால் உங்கள் வீட்டில் இன்வெர்ட்டர் இருந்தும் நெட் இருக்காது.

ஆள் வந்து மாட்டும் நாளில் நான் இருக்க வேண்டுமா?

இருங்கள். இந்த ஒரு நாளுக்கு லீவு போடுவது மதிப்புள்ளது. இல்லையென்றால் லைன் எங்கே வீட்டுக்குள் நுழைகிறதோ அங்கேயே, வாசல் நிலைக்குப் பக்கத்தில், மோடத்தை மாட்டிவிட்டுப் போய்விடுவார்கள். எங்கள் வீடு பழைய வீடு. வாசல், ரேழி, கூடம், அதற்குப் பின்னால் இரண்டாம் கட்டு. சுவர் ஒவ்வொன்றும் ஒன்றரை அடி. ரேழியில் மாட்டிய மோடத்தின் வைஃபை கூடத்துக்கு வருவதற்குள் பாதியாகிவிட்டது, இரண்டாம் கட்டில் சுத்தமாக இல்லை. அப்பா பேசும்போது முகம் உறைந்து போனதற்கு அதுதான் காரணம் என்று எனக்குப் புரியவே ஒரு வருடம் ஆனது.

கம்ப்யூட்டருக்குப் பக்கத்திலேயே மோடம் வரவேண்டும் என்று கேளுங்கள். கூடுதல் ஒயருக்கு நூறு இருநூறு கேட்டால் கொடுத்துவிடுங்கள். மோடத்திலிருந்து கம்ப்யூட்டருக்கு லேன் கேபிள் போட்டுவிடுங்கள். டெஸ்க்டாப் கம்ப்யூட்டர் பலவற்றில் வைஃபையே கிடையாது. இருந்தாலும் லேன் கேபிளுக்கு ஈடில்லை. பாஸ்வேர்டு கேட்காது, சுவர் தடுக்காது, போட்டால் வரும். பெரியவர்கள் வீட்டுக்கு இதைவிட எளிமையான ஏற்பாடு எனக்குத் தெரியவில்லை.

மோடத்தில் 2.4, 5 (கிகாஹெர்ட்ஸ்) என்று இரண்டு வைஃபை வரும். 2.4 தூரமாகப் போகும், சுவரையும் ஓரளவு தாண்டும். பக்கத்தில் இருந்தால் 5 வேகம். அம்மாவின் போனுக்கு 2.4 போதும். லைன்மேன் பாஸ்வேர்டாக வீட்டு மொபைல் நம்பரையே வைத்துவிட்டுப் போவார். அவர் போனதும் மாற்றுங்கள். ஃபைபர் ஒயரைக் கூர்மையாக மடித்து ஆணி அடிக்கக் கூடாது. உள்ளே கண்ணாடி உடைந்தால் வெளியே ஒன்றும் தெரியாது. வீடு கூட்டும்போது துடைப்பம் மாட்டி இழுக்காத உயரத்தில் ஒயர் போகட்டும்.

போகும் முன் லைன்மேனின் பெயரையும் நம்பரையும் வாங்கிக்கொள்ளுங்கள். காபி கொடுங்கள். அப்பாவையும் அவரையும் அறிமுகம் செய்துவையுங்கள்.

கனெக்‌ஷன் யார் பெயரில் இருக்க வேண்டும்?

அப்பா அல்லது அம்மா பெயரில், அவர்கள் ஆதாரில். மொபைல் நம்பராக அவர்களுடையதைக் கொடுத்து, மாற்று நம்பராக உங்களுடையதைக் கொடுங்கள். வரும் ஆள் வீட்டைக் கூப்பிட வேண்டும், பெங்களூரில் மீட்டிங்கில் இருக்கும் என்னைக் கூப்பிட்டு என்ன பயன். பில் கட்டுவது மட்டும் நம் பொறுப்பு. கம்பெனி ஆப்பில் அவர்கள் நம்பரைப் போட்டு உங்கள் போனில் லாகின் செய்யும்போது ஓடிபி அவர்களுக்குத்தான் போகும். அதை ஊருக்குப் போயிருக்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து செய்யுங்கள். போனில் ஓடிபியைப் படித்துச் சொல்லச் சொல்லாதீர்கள். நாமே அந்தப் பழக்கத்தை உண்டாக்கிவிடக் கூடாது.

ஓடிடி, டிவி சேனல் சேர்ந்த பிளான்?

பெற்றோர் கேட்டால் மட்டும். பெரும்பாலும் கேட்க மாட்டார்கள்.

மோடத்தில் சிவப்பு விளக்கு எரிந்தால் அவர்கள் என்ன செய்ய வேண்டும்?

எங்கள் வீட்டில் மோடத்துக்கு மேலே சுவரில் ஒரு அட்டை ஒட்டியிருக்கிறேன். பெரிய எழுத்தில், தமிழில். அதில் இருப்பது இவ்வளவுதான்:

"நெட் வரவில்லை என்றால் மோடத்தின் சுவிட்சை அணைக்கவும். நூறு வரை எண்ணவும். திரும்பப் போடவும். இரண்டு நிமிடம் பொறுக்கவும். அப்போதும் சிவப்பு விளக்கு எரிந்தால் லைன் அறுந்திருக்கிறது. லைன்மேனைக் கூப்பிடவும். கம்ப்யூட்டரில் எதையும் மாற்ற வேண்டாம்."

கீழே லைன்மேன் நம்பர், என் நம்பர், கனெக்‌ஷன் ஐடி. பெரும்பாலான ஃபைபர் மோடங்களில் எல்ஓஎஸ் என்று எழுதிய விளக்கு சிவப்பாக எரிந்தால் வெளியிலிருந்து ஒளி வரவில்லை என்று அர்த்தம். வீட்டில் யார் என்ன செய்தாலும் அது சரியாகாது. இதைத் தெரிந்துகொண்டதும் அப்பாவுக்குப் பெரிய ஆறுதல். தான் எதையோ தப்பாக அழுத்திக் கெடுத்துவிட்டோமோ என்று ஒவ்வொரு தடவையும் பயந்துகொண்டிருந்தாராம்.

கம்ப்யூட்டரில் என்ன செய்துவைக்க வேண்டும்?

முதலில் அது விண்டோஸ் 10ஆ என்று பாருங்கள். மைக்ரோசாஃப்ட் அதற்கான ஆதரவை, அதாவது வழக்கமான பாதுகாப்பு அப்டேட்களை, 2025 அக்டோபர் 14 அன்று நிறுத்திவிட்டது. பழைய கம்ப்யூட்டர் விண்டோஸ் 11ஐ ஏற்காவிட்டால், இணையம் பார்க்க மட்டும் என்றால் விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளத்தைப் போட்டுக் கொடுக்கலாம். ஸ்கைப்பும் 2025 மே மாதத்தோடு மூடப்பட்டது. அதில் பேசிப் பழகியவர்களுக்கு வாட்ஸ்அப்பையோ ஜூமையோ பழக்க வேண்டும்.

திரையில் நான்கு ஐந்து ஐகான் மட்டும் வையுங்கள். எழுத்தைப் பெரிதாக்குங்கள். அவர்கள் தினமும் பயன்படுத்தும் கணக்கில் புதிதாக எதையும் இன்ஸ்டால் செய்ய முடியாதபடி வைத்து, அட்மின் பாஸ்வேர்டை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள். பிரவுசரில் "நோட்டிஃபிகேஷன் அனுப்பலாமா" என்று கேட்பதை அடியோடு நிறுத்திவிடுங்கள். வைரஸ் வந்துவிட்டது என்று பயமுறுத்தும் போலி அறிவிப்புகள் பெரும்பாலும் அந்த வழியாகத்தான் வருகின்றன.

மோசடிக்காரர்களிடம் சிக்கிவிடுவார்களோ என்று பயமாக இருக்கிறது. இன்டர்நெட்டே வேண்டாமா?

பயம் நியாயமானது. ஆனால் மோசடிக்காரர் போனில்தான் முதலில் வருகிறார், நெட் இல்லாத வீட்டுக்கும் வருகிறார். நெட் கம்பெனி பெயரில் வரும் அழைப்புகள் இப்படி இருக்கும்: "இன்றிரவு உங்கள் இணைப்பு துண்டிக்கப்படும், கேஒய்சி முடியுங்கள்." "டிராயிலிருந்து பேசுகிறோம், உங்கள் நம்பர் ரத்தாகிறது." டிராய் (தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம்) யாரையும் கூப்பிட்டு இணைப்பை வெட்டுவேன் என்று சொல்வதில்லை. "டிஜிட்டல் கைது" என்று ஒன்று சட்டத்திலேயே கிடையாது. போலீஸ் உடையில் வீடியோ காலில் ஒருவர் வந்து மிரட்டினாலும் கட் செய்துவிடலாம் என்று அவர்களிடம் முன்கூட்டியே, நிதானமாகச் சொல்லிவையுங்கள். மரியாதைக் குறைவாகப் பேசிவிடுவோமோ என்ற தயக்கத்திலேயே அந்தத் தலைமுறைக்காரர்கள் போனை வைப்பதில்லை. வைக்கலாம், அதில் தப்பில்லை என்று நாம்தான் சொல்ல வேண்டும்.

தூரத்திலிருந்து கம்ப்யூட்டரைப் பார்க்க உதவும் எனிடெஸ்க், குவிக் அசிஸ்ட் போன்றவை நமக்கும் உதவும், திருடனுக்கும் உதவும். எங்கள் வீட்டு விதி: அப்பா என்னைக் கூப்பிட்டு, என் குரலைக் கேட்டுப் பேசிக்கொண்டிருக்கும்போது மட்டும்தான் அதைத் திறப்பார். வேறு யார் சொன்னாலும் திறக்க மாட்டார். ஒருவேளை பணம் போய்விட்டால் உடனே சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930க்குப் போன் செய்யுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறீர்களோ அவ்வளவு நல்லது. அப்புறம், தயவுசெய்து திட்டாதீர்கள். ஒரு தடவை திட்டிவிட்டால் அடுத்த தடவை நம்மிடம் சொல்லவே மாட்டார்கள்.

புகார் கொடுத்தும் நடவடிக்கை இல்லையென்றால்?

கம்பெனியில் பதிந்து புகார் எண் வாங்குங்கள். தீரவில்லை என்றால் அதே கம்பெனியின் மேல்முறையீட்டு அதிகாரிக்கு அந்த எண்ணோடு எழுதுங்கள். ஒவ்வொரு கம்பெனியும் அப்படி ஒருவரை வைத்திருக்க வேண்டும் என்பது 2012ஆம் ஆண்டு டிராய் விதி. டிராய்க்கே எழுதினால் தனிநபர் புகாரை அவர்கள் விசாரிப்பதில்லை. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915, தமிழிலும் பேசலாம். "தீர்க்கப்பட்டது" என்று பொய்யாக எஸ்எம்எஸ் வந்தால் அதை அழிக்காமல் வைத்திருங்கள். என் விஷயத்தில் அந்த மூன்று எஸ்எம்எஸ்ஸையும் சேர்த்து மேல்முறையீட்டுக்கு அனுப்பிய பிறகுதான் ஆள் வந்தார்.

மூன்று மாதம் எங்களோடு வந்து இருக்கப்போகிறார்கள். அதுவரை நிறுத்திவைக்கலாமா?

கம்பெனியைக் கேளுங்கள், சிலர் தற்காலிகமாக நிறுத்திவைக்கிறார்கள். மொத்தமாக ரத்து செய்தால் மோடத்தை ஒப்படைத்ததற்கு ரசீது வாங்காமல் விடாதீர்கள்.

அப்பா "எனக்கு எதுக்கு இதெல்லாம், வீண் செலவு" என்கிறாரே?

என் அப்பாவும் அதையேதான் சொன்னார். நான் வற்புறுத்தி ஒன்றும் நடக்கவில்லை. அவருக்கு என்ன வேண்டும் என்று கேட்காமல் பேங்க், கரண்ட் பில், ஆயுள் சான்றிதழ் என்று நமக்கு உபயோகமாகத் தெரிந்ததையே அடுக்கிக்கொண்டிருந்தேன். ஆயுள் சான்றிதழை வீட்டில் இருந்தபடியே முகத்தைக் காட்டிக் கொடுத்துவிடலாம்தான். ஆனால் அவர் நவம்பர் மாதம் நேரில் போய்த்தான் கொடுப்பார். கூட வேலை பார்த்தவர்களைப் பார்க்கும் நாள் அது. அதை மாற்றச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

ஒரு தீபாவளி லீவில் சும்மா பேசிக்கொண்டிருந்தபோது, 1972 ஆகஸ்டில் பின்கோடு வந்த புதிதில் கடிதம் பிரித்த கதையைச் சொன்னார். அவர் முதலில் வேலை பார்த்த கிராமத்தின் பின்கோடை இன்னும் மறக்கவில்லை. அதைக் கூகுள் மேப்பில் போட்டுக் காட்டினேன். ஆறு, பாலம், தபால் நிலையம் இருந்த தெரு எல்லாம் வந்தது. அன்றைக்கு ராத்திரி பதினொன்றரை மணிவரை அவர் பணியாற்றிய ஊர்களை ஒவ்வொன்றாகத் தேடிப் பார்த்துக்கொண்டிருந்தார். அம்மா இரண்டு தடவை சாப்பிடக் கூப்பிட்டாள். மறுநாள் காலையில் மவுஸைப் பிடித்து நகர்த்துவது எப்படி என்று அவராகவே கேட்டார். முதல் ஊருக்கு இந்தப் பொங்கல் லீவில் நேரிலேயே அழைத்துப்போகச் சொல்லியிருக்கிறார்.